பதவி தொலைவில், வீடு காரைக்காலில்: அரசியல்வாதியின் ஊர்த்தொடர்பு பற்றிய விவாதங்கள்

பதவிக்காக ஊரைவிட்டுச் சென்ற அரசியல்வாதி தன் வீட்டோடும் உறவுகளோடும் எந்த அளவுக்குத் தொடர்பு வைத்திருக்க வேண்டும்? தேர்தல் முறை அறிமுகமான காலந்தொட்டே இந்தக் கேள்விக்கு ஒன்றோடொன்று முரண்படும் விடைகள் இருந்துவருகின்றன. அடிக்கடி ஊர் வருபவரை மக்கள் தம்மவராக ஏற்கிறார்கள். அந்த வருகையால் தம்பிக்கு ஒப்பந்தமோ மைத்துனருக்கு வேலையோ கிடைத்தால் அதுவே குடும்ப ஆட்சி என்று பேசப்படுகிறது. வராமலே இருப்பவர் சிலருக்கு நேர்மையாளர். வேறு சிலருக்கு ஊரை மறந்தவர்.

இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் காட்டும் நிலப்பகுதி காரைக்கால். 1739-இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்தக் கடலோரப் பகுதி, இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு மாவட்டம். பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2 லட்சம். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. தலைநகரான புதுச்சேரிக்குச் செல்ல, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக, ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவின் பெரும்பகுதியை இன்னொரு மாநிலத்தின் சாலையிலேயே கடக்க வேண்டும். சட்டப்பேரவையின் 30 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களில் நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து தொகுதிகளின் உறுப்பினர்கள் இந்தப் பாதையில்தான் போய்வருகிறார்கள். அதே யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயும் ஏனாமும் தலைநகரிலிருந்து இன்னும் பன்மடங்கு தொலைவு. அவற்றுக்குத் தலா ஓர் உறுப்பினர் மட்டுமே.

தொலைவு மட்டும் என்றால் இது போக்குவரத்துச் சிக்கலாக முடிந்துவிடும். காரைக்காலின் குடும்பங்கள் சைகோன், பாரிஸ், சிங்கப்பூர், வளைகுடா என்று பல தலைமுறைகளாகப் பிரிந்து வாழ்பவை. ஆகவே அரசியல்வாதி ஊரோடு தொடர்பு கொள்வது என்றால், எந்த ஊரோடு, யாரோடு என்பதும் இங்கே கேள்வியாகிவிடுகிறது.

பாரிசில் அமர்ந்த பிரதிநிதிகள்

இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கு வாக்குரிமை எட்டாத காலத்திலேயே பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதி அனுப்பியது. 1848 புரட்சிக்குப் பின் கிடைத்த இந்த உரிமை 1852-இல் பறிக்கப்பட்டு, 1871-இல் மீண்டும் வந்தது. பின்னர் செனட் அவையிலும் ஓரிடம் கிடைத்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே பிரதிநிதி. பெரும்பாலும் அவர் இந்தியாவில் பிறக்காதவர், தமிழ் அறியாதவர். பியேர் அலிப், பத்திரிகையாளரான பால் புளூசேன் போன்றோர் இந்த வரிசையில் வருகிறார்கள். 1914 தேர்தலில் போட்டியிட்டுத் தோற்ற பால் ரிஷாரும் பிரான்சிலிருந்து வந்தவரே. அரவிந்தர் ஆசிரமத்தின் 'அன்னை' எனப் பின்னாளில் அறியப்பட்ட மிர்ரா அப்போது அவருடைய மனைவி.

இந்தப் பிரதிநிதிகளுக்குப் பிரெஞ்சிந்தியாவில் வீடோ உறவோ இல்லை. அந்த இடத்தை உள்ளூர்ச் செல்வாக்காளர்கள் நிரப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புதுச்சேரி அரசியலைத் தன் பிடியில் வைத்திருந்த நாடு சண்முக வேலாயுத முதலியார் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. பாரிசில் அமர்வது யார் என்பதை முடிவு செய்யும் செல்வாக்கு அவரிடம் இருந்தது. அவரே அங்கே போய் அமர வேண்டியிருக்கவில்லை. பிரதிநிதி ஓரிடத்திலும் அவருடைய வேர் வேறோர் ஆளிடத்திலும் இருந்த ஏற்பாடு அது. வாக்குப்பெட்டி முறைகேடுகளும் அடிதடியும் அந்தக் காலத் தேர்தல்களோடு பிரியாமல் கலந்திருந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆயினும் ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. 1880-ஆம் ஆண்டு ஆணை பிரெஞ்சிந்தியாவில் பத்துக் கொம்யூன்களை, அதாவது உள்ளாட்சிப் பகுதிகளை, உருவாக்கியது. அவற்றில் மூன்று காரைக்காலுக்கு உரியவை. 1907-இல் மொத்தம் பதினேழாக உயர்ந்தபோது காரைக்காலின் பங்கு ஆறாயிற்று. ஒவ்வொன்றுக்கும் மன்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேர் என்ற தலைவர். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு முதல் தெரு விளக்கு வரை அந்த மேர் அலுவலகத்தில் முடிந்தது. பிரதிநிதி ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தும் அன்றாட வாழ்வு நின்றுபோகாததற்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் நடந்து போகும் தூரத்தில் இருந்ததுதான் காரணம். இந்தச் செய்தி பின்னர் மீண்டும் தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1946-இல் லம்பேர் சரவணும் 1951-இல் எதுவார் குபேரும் பிரெஞ்சு தேசிய அவைக்குச் சென்றனர். மண்ணின் மைந்தர்களே பாரிசுக்குப் போன அந்தக் காலம் குறுகியது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

விலகி நிற்பதே நேர்மை என்ற நிலைப்பாடு

ஊரிலிருந்து விலகி நிற்பதை ஒரு கொள்கையாகவே முன்வைத்த மிகப் புகழ்பெற்ற குரல் எட்மண்ட் பர்க்குடையது. 1774 நவம்பரில் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் பேசியபோது, நாடாளுமன்ற உறுப்பினர் தன் தொகுதியின் ஏவலாள் அல்ல, நாடு முழுவதன் நலனையும் தன் அறிவால் எடைபோட வேண்டியவர் என்று அவர் வாதிட்டார். சொன்னபடியே அவர் பிரிஸ்டலுக்கு அரிதாகவே சென்றார். 1780-இல் அந்த ஊரின் ஆதரவை இழந்து வேறு தொகுதி தேட வேண்டியதாயிற்று.

தமிழகத்தில் இந்த நிலைப்பாட்டின் உருவமாக நினைக்கப்படுபவர் காமராசர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது தாய் சிவகாமி அம்மாளைச் சென்னைக்கு அழைத்து வைத்துக்கொள்ளாமல் விருதுநகர் வீட்டிலேயே இருக்கச் செய்தார். மாதந்தோறும் ஒரு சிறு தொகை அனுப்பினார். தாயின் வீட்டுக்குத் தனியாக இழுக்கப்பட்ட குடிநீர்க் குழாயை அகற்றச் சொன்னார் என்ற செய்தியும் பரவலாகச் சொல்லப்படுகிறது. காரைக்காலிலும் கட்சி வேறுபாடின்றி மேடைகளில் எடுத்துக்காட்டப்படும் அளவுகோல் இது.

இந்த நிலைப்பாட்டின் வலிமை ஐயத்துக்கு இடமில்லாதது: உறவு அருகில் இல்லாவிட்டால் உறவின் பெயரால் சலுகை கேட்பவரும் குறைவார். அதன் பலவீனங்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதலாவது, காமராசர் மணம் செய்துகொள்ளாதவர். மனைவியும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு அந்த வாழ்க்கையை அப்படியே விதியாக்க முடியாது. இரண்டாவது, அந்த விலகலின் விலையைக் கொடுத்தவர் ஊரில் தனித்திருந்த தாய். இந்தக் கதையைச் சொல்பவர்கள் மகனின் பெருமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதுமையில் மகனைப் பார்க்கக் காத்திருந்த ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து அது சொல்லப்படுவது அரிது. மூன்றாவது, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பேரவையில் குடியாத்தத்தையும் பின்னர் சாத்தூரையுமே பிரதிநிதித்துவப்படுத்தினார். 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் நின்றபோது மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மொழிப்போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் அந்தத் தேர்தலை முடிவு செய்தன என்பதே பொதுவான மதிப்பீடு. ஆகவே ஊர்த்தொடர்பின் மேல் மட்டும் பழியைச் சுமத்த இயலாது. விலகி நின்ற நேர்மைக்கு ஊர் நன்றி பாராட்டும் என்ற நம்பிக்கைக்கு, பிரிஸ்டலும் விருதுநகரும் சான்றாகவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

வேர் வேண்டும் என்ற நிலைப்பாடும் சட்டமும்

இதற்கு நேர் எதிரான நிலைப்பாடு, பிரதிநிதியின் வீடும் குடும்பமும் தொகுதியில் இருக்க வேண்டும் என்கிறது. ரேஷன் கடையில் அரிசி இல்லை, அரசலாற்றில் தண்ணீர் வரவில்லை, அரசு மருத்துவமனையில் மருத்துவர் இல்லை என்பதை அறிக்கையில் படிப்பவரைவிட, வீட்டில் கேட்டு அறிபவர் விரைவாகச் செயல்படுவார் என்பது அதன் வாதம்.

இந்தியச் சட்டம் இந்த வாதத்தை முழுதாக ஏற்கவில்லை. முழுதாகத் தள்ளவும் இல்லை. மக்களவைக்குப் போட்டியிட நாட்டின் எந்தத் தொகுதியிலாவது வாக்காளராக இருந்தால் போதும். மாநிலங்களவைக்கு அந்தந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அசாமிலிருந்து 1991 முதல் தேர்வான மன்மோகன் சிங்கின் குவாஹாட்டி முகவரி அந்தக் காலத்தில் பெரும் விவாதப் பொருளானது. 2003-இல் நிபந்தனை நீக்கப்பட்டது. குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2006-இல் அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்று உறுதிசெய்தது. வசிப்பிடம் கூட்டாட்சியின் உயிர்நாடி அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

இன்னொரு விதி அதிகம் கவனிக்கப்படுவதில்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பேரவை அல்லது நாடாளுமன்ற உறுப்பினர் தன் பதவிக் கடமைக்காகத் தொகுதியை விட்டு வெளியே இருந்தாலும், பதவிக்காலம் முழுதும் அங்கே வழக்கமாக வசிப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. உடல் தலைநகரில் இருந்தாலும் வீடு ஊரிலேயே என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 34 விமானப் பயணங்களை அரசுச் செலவில் வழங்கும் ஏற்பாடும், வாழ்க்கைத் துணையின் பயணத்துக்குத் தரப்படும் சலுகைகளும், குடும்பத்தோடு தொடர்பு வைத்திருப்பது பொதுச் செலவுக்கு உரியதே என்ற ஒப்புதலின் மேல்தான் நிற்கின்றன.

அமெரிக்க அரசியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபென்னோ பதினெட்டுக் காங்கிரஸ் உறுப்பினர்களோடு அவர்கள் தொகுதிகளில் சுற்றித் திரிந்து, 1978-இல் வெளியிட்ட நூல் இந்தத் துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. குடும்பத்தை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்ற உறுப்பினர்களைவிட, குடும்பத்தை ஊரிலேயே விட்டவர்கள் அதிகம் ஊர் சென்றார்கள் என்பது அவருடைய கண்டறிதல்களில் ஒன்று. எதிர்பார்க்கக்கூடிய முடிவுதான். அதிலிருந்து எழும் சிக்கல், ஊர் வருகை தொகுதிக்காகவா வீட்டுக்காகவா என்பதைப் பிரித்தறிய முடியாமல் போவது. இரண்டும் ஒரே பயணத்தில் நடக்கின்றன.

காவிரிக் கடைமடையில் அந்தப் பிரிவினைக்கு இடமே இல்லை என்றும் சொல்லலாம். காதுகுத்து, திருமணம், நிக்காஹ், கருமாதி ஆகியவற்றில் முகம் காட்டுவதும், துக்க வீட்டில் போய் உட்கார்ந்து எழுவதும் உறவுக்கடனாகவும் அரசியல் கடனாகவும் ஒருசேர எண்ணப்படுகின்றன. 'நல்லது கெட்டதுக்கு வருகிறாரா' என்பதே மக்கள் வைக்கும் தேர்வு. பேரவையில் என்ன பேசினார் என்பதைவிட இதற்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. வேர் நிலைப்பாட்டின் பலவீனமும் இங்கேதான்: முகம் காட்டுவதைச் செவ்வனே செய்பவர் பேரவையில் வாய் திறக்காமலே பல தேர்தல்களைக் கடக்க முடியும்.

வீடே அலுவலகமாகும்போது

மூன்றாவது நிலைப்பாடு கோட்பாடாக எழுதப்பட்டதைவிட நடைமுறையில் அதிகம் காணப்படுவது. உறுப்பினர் தலைநகரில் இருக்கும் நாட்களில் ஊரிலுள்ள வீடே அவருடைய அலுவலகமாகிறது. திண்ணையில் மனு வாங்குபவர் அண்ணனாகவோ மகனாகவோ மைத்துனராகவோ இருப்பார். முதியோர் உதவித்தொகையா, சிவப்பு ரேஷன் அட்டையா, கல்லூரி இடமா என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும், இரவில் தொலைபேசியில் உறுப்பினரிடம் சொல்வதும் அவர் வேலை. இதில் வீட்டுப் பெண்களின் உழைப்பு பெரிது. வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பதில் தொடங்கி, மருத்துவமனைக்கு யார் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது வரை அவர்கள் செய்வது பொதுப்பணியே. அதற்குப் பெயரும் இல்லை, ஊதியமும் இல்லை, பதிவும் இல்லை.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள், கூலிக்கு அமர்த்திய உதவியாளரைவிட வீட்டார் நம்பகமானவர் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் சொல்வது, தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் அதிகாரம் செலுத்துகிறார், அவரைக் கேள்வி கேட்க மக்களுக்கு வழியில்லை என்பது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் கணவர்கள் ஆட்சி செய்வது பற்றி நாடெங்கும் எழுந்துள்ள குறையும் இதன் இன்னொரு முகம்.

திண்ணையில் மனு வாங்கியவரே அடுத்த தேர்தலில் வேட்பாளராவதும் நடக்கிறது. காஞ்சன் சந்திரா தொகுத்து 2016-இல் வெளிவந்த ஆய்வு நூல், இந்தியாவில் குடும்ப அரசியல் நிலைப்பதற்கு அரசுப் பதவியின் பலன்களும் கட்சிகளின் அமைப்புப் பலவீனமும் காரணம் என்று வாதிடுகிறது. காரைக்கால் தொடர்புடைய இரு குடும்பங்கள் இரு வேறு பாதைகளைக் காட்டுகின்றன. நெடுங்காட்டில் வென்று அமைச்சரான மா. சந்திரகாசுவின் மகள் சந்திர பிரியங்கா, 2016-இலும் 2021-இலும் அதே நெடுங்காட்டில் வென்றார். 2021 முதல் 2023 வரை அமைச்சராக இருந்தார். காரைக்காலில் பிறந்த முன்னாள் முதலமைச்சர் எம்.ஓ.எச். பாரூக்கின் மகன் ஷாஜகான் 2016-இல் வென்றது புதுச்சேரிப் பகுதியின் காலாப்பட்டில். ஒன்றில் குடும்பம் ஊரிலேயே நின்று தொகுதியைக் காத்தது. மற்றொன்றில் பதவியோடு குடும்பமும் இடம்பெயர்ந்து, அரசியல் வேர் புதிய மண்ணில் ஊன்றியது. குடும்ப அரசியல் என்ற ஒரே பெயரால் இரண்டையும் அழைப்பது இந்த வேறுபாட்டை மறைத்துவிடும்.

ஊர் என்பது கடல் கடந்தும் இருக்கும்போது

மேற்கண்ட மூன்று நிலைப்பாடுகளும் ஓர் ஊகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன: அரசியல்வாதி வெளியே போயிருக்கிறார், குடும்பம் வீட்டில் இருக்கிறது. காரைக்காலைப் பொறுத்தவரை இந்த ஊகம் பாதி உண்மைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரெயூனியன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக ஏற்றப்பட்டவர்கள் புறப்பட்ட துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. பின்னர் இந்தோசீனாவுக்கு எழுத்தர்களும் காவலர்களும் வணிகர்களும் போனார்கள். மரைக்காயர் குடும்பங்களின் கடல் வணிகம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. கடல் கடந்து பிழைக்கப் போனவரைச் சபுராளி என்றழைக்கும் வழக்கு இன்றும் அந்தத் தெருக்களில் உண்டு. 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரான்சின் ஒப்புதலோடு இணைப்பு சட்டப்படி முழுமையானபோது, ஒப்படைப்பு ஒப்பந்தத்தின் குடியுரிமை விதிகள் நடைமுறைக்கு வந்தன. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தால் தவிர இந்தியரானார்கள். இங்கே பிறந்து வெளிநாட்டில் வசித்தவர்கள் பொதுவாகப் பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர்ந்தார்கள். அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன் என்று ஒரே வீடு இரு நாடுகளுக்கு உரியதாயிற்று.

இதன் அரசியல் விளைவு இன்றும் தெரிகிறது. பிரெஞ்சு அதிபர் தேர்தலின்போது காரைக்காலில் ஒரு வாக்குச்சாவடி அமைகிறது. 2012 முதல் வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கென ஒதுக்கப்பட்ட பதினொரு தொகுதிகளில், ஆசியாவையும் ஓசியானியாவையும் உள்ளடக்கிய பதினொன்றாவது தொகுதியில் இங்குள்ள பிரெஞ்சுக் குடிமக்கள் அடங்குகிறார்கள். காரைக்காலின் ஒரு தெருவுக்குப் புதுச்சேரியிலும் தில்லியிலும் பாரிசிலும் தலா ஒரு பிரதிநிதி உண்டு. மறுபுறம், வளைகுடாவில் உழைக்கும் இந்தியக் குடிமகனுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வாக்காளர் பட்டியலில் இடம் தந்தது. வாக்களிக்க அவர் ஊருக்கு நேரில் வர வேண்டும். விமானச் செலவைப் பார்க்கும் தொழிலாளிக்கு அந்த உரிமை பெரும்பாலும் தாளில்தான்.

இந்தப் பின்னணியில் பாரூக்கின் வாழ்க்கைப் பாதை தனிக் கவனம் பெறத்தக்கது. 1937-இல் காரைக்காலில் பிறந்த அவர், 1967-இல் 29 வயதில் புதுச்சேரியின் முதலமைச்சரானார். மூன்று முறை அந்தப் பதவியை வகித்தார். பின்னர் மக்களவை உறுப்பினர், மத்திய இணை அமைச்சர். 2004 முதல் 2010 வரை சவூதி அரேபியாவுக்கான இந்தியத் தூதர். அதன்பின் ஜார்க்கண்ட் ஆளுநர், கேரள ஆளுநர். அந்தப் பதவியில் இருக்கும்போதே 2012 ஜனவரி 26 அன்று காலமானார். பதவிகளின் வரிசையை மட்டும் பார்த்தால் அவர் ஊரிலிருந்து மேலும் மேலும் விலகிச் சென்றதாகத் தோன்றும். அவர் தூதராக இருந்த ரியாத் அந்தத் தோற்றத்தைக் கலைக்கிறது. சவூதியில் அப்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உழைத்தார்கள். அவர்களில் காரைக்கால், நாகூர்ப் பகுதிச் சபுராளிகளும் உண்டு. கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவர், சம்பள பாக்கியில் தவிப்பவர், அங்கேயே இறந்தவரின் உடலுக்காகக் காத்திருக்கும் குடும்பம் ஆகியோருக்குத் தூதரகமே முதல் கதவு. காரைக்காலில் பிறந்த ஒருவர் அந்தக் கதவின் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில், ஊர்த்தொடர்பு என்பது ஊர் திரும்புவதைக் குறிக்க வேண்டியதில்லை என்றாகிறது. ஊரின் ஒரு பகுதி அவர் இருந்த நாட்டிலேயே இருந்தது.

புலம்பெயர்வை மையமாக வைக்கும் இந்த நான்காவது நிலைப்பாடு புதியது. அதற்கும் குறைகள் உண்டு. வெளிநாட்டில் உறவுள்ள குடும்பங்களின் குரல் அதில் உரத்துக் கேட்கும். திருநள்ளாறு, நெடுங்காடு வயல்களில் கூலி வேலை செய்யும், பாஸ்போர்ட்டே எடுத்திராத குடும்பங்களை அது எளிதில் மறந்துவிடும்.

கடிதமும் கைபேசியும்

தொடர்புக் கருவிகள் மாறினால் கேள்வியே தீர்ந்துவிடும் என்று கருதுவோர் உண்டு. தமிழக அரசியல் இதற்கு ஒரு சுவையான சான்று தருகிறது. அண்ணா 1955 முதல் 'திராவிட நாடு' இதழில் தம்பிக்கு எழுதிய கடிதங்களும், கருணாநிதி 'முரசொலி'யில் உடன்பிறப்புக்கு எழுதியவையும், வாசகர் அனைவரையும் குடும்பமாக்கின. காரைக்காலுக்குத் தெற்கே திருக்குவளையில் பிறந்த கருணாநிதி, குளித்தலையில் தொடங்கித் தஞ்சாவூர், சென்னை என்று பல தொகுதிகளில் நின்றார். தாம் படித்து வளர்ந்த திருவாரூரில் முதன்முதலாகப் போட்டியிட்டது 2011-இல், 86 வயதில். அதுவரை ஊரோடு அவரைப் பிணைத்தவற்றில் அந்தக் கடிதங்களின் பங்கு சிறிதல்ல.

கைபேசி கடிதத்தைவிட வேகமானது. காரைக்காலில் ஒரு தெருவில் தண்ணீர் நின்றால் படம் சில நொடிகளில் உறுப்பினரை எட்டுகிறது. படம் பார்த்தவர் அதிகாரியை அழைக்க வேண்டும், அதிகாரி ஆளை அனுப்ப வேண்டும், அதற்குக் கோப்பு புதுச்சேரி போய்வர வேண்டும். செய்தி போகும் வேகம் மாறியது. கோப்பு போகும் வழி மாறவில்லை. சாலையும் ரயிலும் இன்னும் பொருட்படுத்த வேண்டியவையே. 1898-இல் திறந்த பேரளம்-காரைக்கால் ரயில்பாதை 1980களில் மூடப்பட்டபின், 2011-இல் நாகூர் வழியாக ரயில் திரும்பும் வரை கால் நூற்றாண்டு காலம் இந்தப் பகுதி பேருந்தை மட்டுமே நம்பியிருந்தது.

விடுபட்ட படி

நான்கு நிலைப்பாடுகளும் அரசியல்வாதியின் குணத்தைப் பற்றியே பேசுகின்றன: அவர் பற்றுள்ளவரா, பற்றற்றவரா, உறவை அடக்கத் தெரிந்தவரா. காரைக்காலின் வரலாறு வேறொரு காரணத்தைச் சுட்டுகிறது. பிரெஞ்சுக் காலத்து மேர்கள் இங்கே மீண்டும் நினைவுகூரத் தக்கவர்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 2006-இல், 38 ஆண்டுகளுக்குப் பின். அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்ததும் மீண்டும் நீண்ட இடைவெளி. இடையில் 1973-இல் நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன, 1992-இல் 73, 74-ஆம் அரசியல் சாசனத் திருத்தங்கள் வந்தன. தேர்தல் மட்டும் வரவில்லை. ஆக, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, சில ஆண்டுகள் நீங்கலாக, காரைக்கால்வாசி ஒருவர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மிக அருகிலுள்ள ஆள் சட்டப்பேரவை உறுப்பினரே. சாக்கடை அடைப்பும் அவரிடம், சட்டமியற்றலும் அவரிடம்.

இந்த நிலையில் அவர் ஊருக்கு வருகிறாரா, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்பது குணத்தைப் பற்றிய கேள்வியாக இராது. சேவை கிடைக்குமா என்ற கேள்வியாகிவிடும். ஜெனிஃபர் பசல் 2019-இல் வெளியிட்ட இந்தியா பற்றிய ஆய்வும் இதே திசையில் செல்கிறது. அடிமட்டத்தில் கதவு மூடப்பட்டவர்கள்தான் மேல்மட்ட அரசியல்வாதியை நாடி மனுவோடு வருகிறார்கள் என்கிறார் அவர். காரைக்காலில் அடிமட்டக் கதவு மூடப்பட்டது என்பதைவிட, நெடுங்காலம் அது மீண்டும் கட்டப்படவே இல்லை என்பது பொருத்தம். குடும்பத்தின் திண்ணை அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. அதைக் குடும்ப ஆதிக்கம் என்று கண்டிப்பது எளிது. அது எதன் இடத்தில் நிற்கிறது என்று கேட்பதே தேவையானது.

இந்த வாதத்துக்கும் வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல்கள், இடைவெளிகளோடேனும், நடந்திருக்கின்றன. எல்லைக்கு அப்பால் நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் எம்.எல்.ஏ. வீட்டுத் திண்ணையில் கூட்டம் இல்லாமல் இல்லை. ஆகவே உள்ளாட்சி வந்தால் வீட்டின் பங்கு மறைந்துவிடும் என்று முடிவு கட்ட முடியாது. குறையலாம் என்று எதிர்பார்க்க மட்டுமே இடமுண்டு. 1979 ஜனவரியில், புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது யூனியன் பிரதேசத்தில் கடும் எதிர்ப்பு மூண்டது. தலைநகர் தொலைவு என்று குறைபட்ட பகுதியும் அந்தத் தலைநகரை விட்டுவிடும் திட்டத்தால் ஈர்க்கப்படவில்லை. காரைக்காலுக்குத் தனி யூனியன் பிரதேசத் தகுதி வேண்டும் என்ற கோரிக்கையும் அவ்வப்போது கேட்கிறது. தொலைவைக் குறைக்க விரும்புவோரிடையேகூட எதைக் குறைப்பது என்பதில் உடன்பாடு இல்லை.

தீராத வினாக்கள் மூன்று. உறுப்பினரின் குடும்பம் செய்யும் பொதுப்பணியைப் பதிவுக்கும் கணக்குக்கும் உட்படுத்த இயலுமா, அல்லது அப்படிச் செய்தால் அது அதிகாரப் பதவியாகவே இறுகிவிடுமா என்பது ஒன்று. வெளிநாட்டிலுள்ள ஊராரை எந்த அளவுக்குத் தொகுதியின் பகுதியாக எண்ணுவது என்பது இரண்டாவது. வளைகுடாத் தொழிலாளியின் வாக்கு நேரில் வருவதோடு கட்டப்பட்டிருக்கும்வரை அதற்கு நேர்மையான விடை கிடைப்பது கடினம். மூன்றாவது, ஒப்பிட்டு அறியக் கூடியது. காரைக்கால் நகராட்சிக்கும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் தொடர்ச்சியாக இரண்டு மூன்று தேர்தல்கள் நடந்தால், எம்.எல்.ஏ. வீட்டுக்கு வரும் மனுக்களின் எண்ணிக்கையும் தன்மையும் எப்படி மாறும் என்பதை நேரடியாகவே பார்க்க முடியும். சாக்கடையும் தெருவிளக்கும் மன்றத்துக்குப் போய், திண்ணையில் வேலைவாய்ப்பும் கல்வியும் மட்டும் மிஞ்சினால் ஒரு முடிவு. அனைத்தும் பழையபடியே வீட்டுக்கு வந்தால், தொலைவையும் அமைப்பையும் காரணமாக்கும் வாதத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.